ரெண்டு பொட்டலமும் வெள்ளை

– நேராச் சொல்லு நிதீஷ். உன் ஆய்வேட்டுல வர்ற 'அந்தத் தாய்' உங்கம்மாவா?

– மெதுவாப் பேசு உஸ்மா. குழாயடியிலதான் மூஞ்சி கழுவிட்டிருக்குது.

– ஆமாவா, இல்லியா?

– ஆமா.

– யா அல்லாஹ்! ரெண்டு வருஷமா ஒரே பெஞ்சுல ஒக்காந்திருக்கோம்டா. செமினார்ல நீ அதப் படிச்சப்ப எல்லாரும் கை தட்டுனோம். ஏதோ ஒரு ஊரு, ஏதோ ஒரு குடும்பம், மாரடைப்புன்னு சொன்னே. நான் எந்திரிச்சுக் கேள்விகூடக் கேட்டேன், பூ கட்டுன பையனுக்குக் குற்ற உணர்ச்சி இருந்துச்சான்னு. நீ என்ன பதில் சொன்னே?

– அதுக்குத் தரவு இல்லைன்னேன்.

– தரவு இல்லை! எப்படிடா வாய் வந்துச்சு உனக்கு?

– வேற என்ன சொல்லச் சொல்றே அத்தன பேர் முன்னாடி?

– இன்னிக்குக் காலைல படிவத்துல விபத்து, பத்தொம்பது நாள்னு படிச்சதுந்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. உங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தது பத்தொம்பது நாள். நீ கிளாசுக்கு வராம இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்கு நோட்ஸ் எழுதி வெச்சதே நாந்தான்.

– அறநெறிக் குழுவுக்குக் குடுக்கற படிவத்துல உண்மையத்தான் எழுதணும். அதுலயும் மாத்த முடியல.

– அப்ப ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவையே வெச்சது நீ.

– ஆமா.

– அவங்களுக்குத் தெரியாது.

– யாருக்கும் தெரியாது. இப்ப உனக்குத் தெரியும்.

– கைடுக்கு?

– எங்க ஊர்ப்பக்கத்துக் குடும்பம்னு மட்டும் சொல்லியிருக்கேன். அம்மா மாதிரி வள்ளியாத்தாள்னு பேரு வெச்சவங்க எங்க பக்கம் ஊருக்கு நாலு பேரு இருக்காங்க. கையெழுத்தப் பாத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

– எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கே. அப்ப அவங்கள இவ்வளவு தூரம் எதுக்கு வரவெச்சே?

– ஆய்வுல வர்ற ஆளோட ஒப்புதல் இல்லாம ஏட்ட வாங்க மாட்டோம்னு அறநெறிக் குழு எழுதிருச்சு. சாயந்திரம் நாலு மணிக்குள்ள படிவம் ஆபீசுக்குப் போகணும். இல்லைன்னா இந்த வருஷம் எனக்கு டிகிரி இல்ல.

– அந்த மூணாவது அத்தியாயத்த எடுத்துட்டு மிச்சத்தக் குடு.

– மிச்சம் என்ன இருக்கு? மொத ரெண்டு அத்தியாயமும் யாரு யாரோ சொன்னதத் தமிழ்ல எழுதுனது. அது ஒண்ணுதான் நான் சொன்னது.

– நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? எங்கள்ல எறந்தவங்க மய்யித்தக் குளிப்பாட்டுற பொம்பளைங்களப் பத்தி எழுதுனேன்ல? ஒவ்வொருத்தங்க வீட்டுக்கும் போயி முழுசாப் படிச்சுக் காட்டுனேன். ஒரு வயசான நன்னி கேட்டுட்டு, வேண்டாம் கண்ணு, இதெல்லாம் வெளிய போகக் கூடாதுன்னாங்க. பதினெட்டுப் பக்கத்தக் கிழிச்சேன். அழுதுகிட்டேதான் கிழிச்சேன், ஆனா கிழிச்சேன்.

– உன் தைரியம் எனக்கு இல்ல. நீ சாட்சி எடத்துல ஒரு கையெழுத்துப் போடு, போதும். சொந்தக்காரங்க போடக் கூடாது, அதனாலதான் உன்னக் கூப்பிட்டேன். படிச்சுக் காட்டச் சொல்லி அம்மா கேக்காது. நீட்டுன எடத்துல போட்டுரும்.

– அதுக்குப் பேரு ஒப்புதலா?

– ப்ளீஸ் உஸ்மா. அம்மா வருது.

– என்ன கண்ணு, ரெண்டு பேரும் சண்டையா? நான் வந்ததும் வாய மூடிட்டீங்க.

– சண்டையெல்லாம் இல்லம்மா. இது உஸ்மா, என்கூடப் படிக்கற பொண்ணு.

– வணக்கங்கம்மா.

– நல்லா இரு அம்மணி. ஊடு எங்க?

– கரும்புக்கடைங்கம்மா.

– பக்கந்தானா. செரி செரி. இந்தா, கச்சாயம் சுட்டுக் கொண்டாந்தேன். எடுத்துக்கோ. இவனுக்கு நெய்யில சுட்டாத்தான் புடிக்கும். ஏஞ்சாமி, மூஞ்சியப் பாரு, எலும்பும் தோலுமா இருக்குது. ஆஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?

– போடறாங்கம்மா.

– பொங்கலுக்கும் வரல. அவரு தெவசத்துக்கு வந்தவன் எலை எடுக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டே. ஊட்டுல நானும் அந்த நாயும்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு ஒக்காந்திருக்கறோம்.

– படிப்பு அதிகம்மா.

– படிப்புந்தான். இதான் உங்க வகுப்பா? சாமிப் படிப்புங்கறீங்க, சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒரு சாமி படத்தக்கூடக் காணமே.

– எல்லாச் சாமியப் பத்தியும் படிக்கறதால யாரையும் மாட்டறதில்லீங்கம்மா.

– அதுஞ்செரி. ஒருத்தர மாட்டுனா இன்னொருத்தருக்குப் பொல்லாப்பு. எத்தன பேரு படிக்கறீங்க?

– ஏழு பேருங்கம்மா.

– ஏழே பேரா! இந்தப் பெரிய ஊட்டுக்கு? அவரு என்னமோ ஊரே இதத்தான் படிக்கறாப்பல பீத்திட்டுத் திரிஞ்சாரு. எங்க பக்கம் பசங்க எல்லாம் இஞ்சினியரிங், இல்லாட்டி பெருந்துறை சிப்காட்டுல வேல. இவன் இதப் படிக்கறேன்னதும் ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க அம்மணி. மடத்துக்கு அனுப்பப் போறியா பாலுசாமீன்னு கேட்டாங்க. அவரு அசரலியே. என்ற பையன் நாயப்படிப்பு படிக்கறான், நாளைக்கு உங்க ஊட்டுப் பாகம் பிரிக்கறதுக்கு அவந்தான் வந்து ஒக்காருவான்னாரு.

– நாயப்படிப்பா?

– ஆமாங்கண்ணு. நாயம் எது, அநாயம் எதுன்னு படிக்கறது தான? அப்படித்தான் எங்கூர்ல சொல்லுவோம்.

– நல்ல பேருங்கம்மா. கேட்டுக்க நிதீஷ்.

– அம்மா, நீ ஏன் நோம்பிக்குக் கோயிலுக்குப் போகல? பெரியப்பா போன்ல சொன்னாரு. வருசந் திரும்பி மூணு மாசம் ஆச்சு, துக்கந்தான் கழிஞ்சிருச்சே.

– போகல.

– அதான் ஏன்?

– போகத் தோணல. கேக்கோணும்னு ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கறேன், நீ படிச்சவன், நீ சொல்லு. சாமி பொய் சொல்லுமா?

– என்னம்மா திடீர்னு?

– திடீர்னு இல்ல. ரெண்டு வருசம் அதத்தான படிச்சிருக்கறே? சொல்லு. சொல்லுமா, சொல்லாதா?

– அதெல்லாம் ஒரு வார்த்தைல சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு மதத்துலயும் ஒவ்வொரு மாதிரி...

– அம்மணி, நீ சொல்லு. உங்க சாமி சொல்லுமா?

– சொல்லாதுங்கம்மா. எங்க அத்தா ஒண்ணு சொல்வாரு. பொய்யெல்லாம் மனுசன் சொல்றது, மாட்டிக்கிட்டா பழிய மேல இருக்கறவன் மேல போட்டுர்றதுன்னு.

– உங்கப்பா வெவரமான ஆளு.

– ஏம்மா இதெல்லாம் கேக்கறே? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?

– ஆரு என்ன சொல்லப் போறாங்க? உடு. என்னமோ கையெழுத்துன்னியே, எங்க போடோணும்? மூணரை பஸ்ஸப் புடிச்சாத்தான் பொழுதோட ஊடு போய்ச் சேருவேன். எருமைக்குத் தண்ணி காட்டோணும்.

– இங்கம்மா. பேனா இந்தா. ரெண்டு பக்கத்துலயும்.

– இரு நிதீஷ். படிக்காம போடக் கூடாதுங்கம்மா.

– கண்ணாடிய மறந்து ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் கண்ணு. என்ற பையந்தான நீட்டறான், இதுல படிக்க என்ன இருக்குது?

– விதிங்கம்மா. யாரப் பத்தி எழுதுனாங்களோ அவங்களுக்கு முழுசாப் படிச்சுக் காட்டணும். நீங்க கேட்டீங்கன்னு நான் சாட்சி போடணும். நீங்க கேக்காம நான் போட மாட்டேன்.

– என்னப் பத்தியா எழுதியிருக்கறான்?

– உஸ்மா!

– படி நிதீஷ். இப்பவே மணி ரெண்டே முக்கால்.

– சுருக்கமாச் சொல்லீரட்டுமா?

– படின்னேன்.

– படி கண்ணு. நீ படிக்கறதக் கேட்டு எத்தன நாளாச்சு. சின்னதுல பொஸ்தகத்த வெச்சுட்டுச் சத்தமா ராகம் போட்டுப் படிப்பே, அவரு தறியக்கூட நிறுத்திட்டு வந்து கேப்பாரு.

– "ஆய்வின் தலைப்பு: முடிவெடுக்கும் சுமையும் கருணையின் பொய்யும்."

– கருணையின் பொய்யா? அதென்ன?

– ஒருத்தரோட நல்லதுக்காகச் சொல்ற பொய்ம்மா.

– அப்படி ஒண்ணு இருக்குதா?

– இருக்குதான்னுதான் ஆராய்ச்சி.

– செரி, மேல படி.

– "இந்த ஆய்வில் பங்கேற்பது உங்கள் விருப்பம். காரணம் கூறாமலேயே எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். உங்கள் பெயரும் ஊரும் எங்கும் வெளியிடப்படமாட்டா." அவ்வளவுதாம்மா. ரெண்டாவது பக்கம் பொதுவான வெவரந்தான்.

– ரெண்டாவது பக்கத்தப் படி.

– படிக்கறேன். "பெருந்துறை வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர், சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, கோவையில் ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது நாள் செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டிருந்தார்."

– இது நம்ம கதையல்ல?

– ஆமாம்மா.

– பாலுசாமீன்னு போடலியா?

– பேரு போடக் கூடாதும்மா.

– போட்டா என்ன? உம்பட பொஸ்தகத்துல ஒரு எடத்துல பேரு வந்தா அவருக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும். செரி போ, விதின்னா விதி. படி.

– "இனி நினைவு திரும்பாது என்றும், கருவியை நீக்கினால் சில மணி நேரமே உயிர் இருக்கும் என்றும் மருத்துவர்கள் கூறினர். வீட்டுக்கு அழைத்துச் செல்வதா, தொடர்வதா என்ற முடிவு மனைவியிடம் விடப்பட்டது. உறவினரிடையே ஒத்த கருத்து இல்லை."

– எங்க இருந்துச்சு ஒத்த கருத்து? ரங்கராஜ் பெரியப்பன் ஒரு பக்கம், உங்க மாமன் ஒரு பக்கம். கூட்டிட்டுப் போயிரலாம், ஒடம்பப் போட்டு எதுக்கு வதைக்கறதுன்னு அவரு. மூச்சு இருக்கறப்பவே மனுசனக் கொல்லறீங்களான்னு மாமன். வராந்தாவுல நின்னுட்டு ரெண்டு பேரும் கத்துன கத்துக்கு நர்சம்மா வந்து வெரட்டி உட்டுது அம்மணி. அப்பறம் டாக்டரு வந்து, நீங்கதாம்மா சொல்லோணும்னுட்டுப் போயிட்டாரு. அத்தன பேரும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாங்க. பதினேழு வயசுல கட்டிக் குடுத்தாங்க. அன்னீலிருந்து எந்தச் சீலை எடுக்கறதுன்னுகூட அவரத்தான் கேப்பேன். அவரு இருக்கட்டுமா போகட்டுமான்னு ஆரப் போயிக் கேக்கறது?

– நீங்க தனியாவே இருந்தீங்களாம்மா அப்ப?

– இவன் இருந்தான். என்ற பொறத்தாலயே சுத்திட்டிருந்தான்.

– அம்மா பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுகும் உஸ்மா. வெளிய நின்னு கேட்டிருக்கேன். என்ற வாயால எப்படிச் சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்னு அதையே சொல்லும். அந்தப் பத்தொம்பது நாள்ல ஒடம்பு பாதியாப் போச்சு. எனக்கு அப்பாவவிட அம்மாவப் பாத்தாத்தான் பயமா இருந்துச்சு.

– அதெல்லாம் எதுக்கு இப்ப? மேல படி சாமி.

– "குடும்ப வழக்கப்படி, குலதெய்வக் கோயிலில் பூ கேட்பது என்று முடிவாயிற்று. இவ்வழக்கத்தில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் முன் வைக்கப்படும். கேட்பவர் தம் கேள்வியை மனத்துக்குள் நினைத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்வதில்லை. சிறு குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் மறுப்பு."

– அச்சு அசலா எழுதியிருக்கறான் பாரு. எங்கூட்டுல பொண்ணு பாக்கப் போறதுன்னாலும், கெணறு வெட்டறதுன்னாலும் ஆத்தாகிட்டப் பூ கேக்காம செய்ய மாட்டோம் கண்ணு. அன்னிக்குச் சைத்ராதான் எடுத்துச்சு, பெரியப்பன் பேத்தி. நாலு வயசுப் புள்ள. எதுக்கு எடுக்கறோம்னு அதுக்கு என்ன தெரியும்? பொட்டலத்தப் பிரிச்சா மிட்டாய் இருக்கும்னு நெனச்சுட்டு எடுத்துச்சு.

– பொட்டலம் யாருங்கம்மா கட்டுனது?

– உஸ்மா, நீ எதுக்கு அதக் கேக்கறே?

– கேக்கட்டும் உடு. எப்பவும் பூசாரிதான் கட்டுவாரு அம்மணி. அன்னிக்கு இவன்ற மாமன் ஒத்துக்கல. பூசாரியும் பெரியப்பனும் ஒண்ணாப் படிச்சவங்க, பூசாரி அவரு பக்கமாக் கட்டிப்போடுவாருன்னான். பெரியப்பன் எங்க கட்டறது, மாமன் எங்க கட்டறது? கோயில்லயும் சண்டை. நாந்தான் சொன்னேன். என்ற பையன் கட்டட்டும், அவன் நாயப்படிப்பு படிக்கறவன், ஒரு பக்கமும் சாய மாட்டான்னேன். இவன்ற மாமனே அதுக்கு மேல வாயத் தொறக்கல.

– அம்மா, போதும்மா.

– ஏன், அதத்தான எழுதியிருக்கறே?

– கையெழுத்து வேண்டாம்மா. நீ பஸ்ஸுக்குக் கெளம்பு. நான் வந்து ஏத்தி உடறேன்.

– இதென்ன இது! நாலு மணிக்குள்ள குடுக்காட்டிப் படிப்பே போயிரும்னு போன்ல அப்படிப் பறந்தே?

– போனாப் போகட்டும்.

– அம்மணி, என்னாச்சு இவனுக்கு?

– அடுத்த வரியப் படிக்கறதுக்குப் பயப்படறாங்கம்மா.

– அப்படி என்ன அடுத்த வரில?

– நீ படிச்சுக் காட்டு உஸ்மா. என்னால முடியல.

– மாட்டேன். நான் படிச்சா அது வெறும் படிவம். நீ படி. இப்பப் படிக்கலைன்னா நீ சாகற வரைக்கும் ஊருக்குப் போக மாட்டே. பொங்கலுக்கும் போக மாட்டே, தீபாவளிக்கும் போக மாட்டே. நாயும் அவங்களும்தான் ஒக்காந்திருப்பாங்க.

– "பொட்டலங்களை மடித்த மகன்..."

– ம்.

– "பொட்டலங்களை மடித்த மகன், இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தான்."

– மறுக்கா படி.

– "இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தான்."

– மகன்னா?

– நாந்தாம்மா.

– ரெண்டுலயுமா?

– ரெண்டுலயும். செவ்வரளியக் கோயிலுக்குப் பொறத்தால கெணத்துல போட்டுட்டேன்.

– நிதீஷ், அந்தத் தண்ணி பாட்டில எடு. அம்மா, தண்ணி குடிங்க.

– வேண்டா அம்மணி. சித்த இரு. சைத்ரா எத எடுத்திருந்தாலும் வெள்ளதான் வந்திருக்குமா?

– ஆமாம்மா.

– அது ஆத்தா வாக்கு இல்ல?

– இல்லம்மா. நாஞ்சொன்னது.

– அப்ப ஆத்தா எங்கிட்டப் பொய் சொல்லல.

– என்னம்மா சொல்றே?

– அவ ஒண்ணுமே சொல்லல. பாவம். பதினஞ்சு மாசமா அவள நான் வெய்யாத வெசவு இல்ல கண்ணு. காத்தால எந்திரிச்சா மொத வேல அதுதான். வெளக்கு வெக்கறத நிறுத்திப்போட்டேன். அவ படத்தத் திருப்பிச் செவுத்தப் பாக்க மாட்டி வெச்சிருக்கறேன்.

– எதுக்கும்மா அவள வைஞ்சே? அப்பாவக் கொண்டுபோனதுக்கா?

– அதுக்கு ஆரு வைவாங்க? எல்லாரும் ஒரு நாளைக்குப் போறதுதான. அது வேற. நீ சொல்லு, எதுக்குச் செஞ்சே?

– உனக்காகத்தாம்மா. அப்பா பொழைக்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லீட்டாரு. கூட்டிட்டுப் போலாம்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். நீ சொன்னா, நாந்தான் அவரக் கொன்னேன்னு ஆயுசு பூராச் சொல்லிட்டிருப்பே. செவப்பு வந்திருந்தா இன்னும் ஒரு மாசம் அந்த வராந்தாவுலயே கெடந்து நீயும் போயிருப்பே. எனக்கு அப்பா போயாச்சும்மா அன்னிக்கே. நீயாச்சும் இருக்கோணும்னு பாத்தேன். சாமியே சொல்லிருச்சுன்னா உம்மேல பாரம் இருக்காதுல்ல?

– எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.

– சொன்னா அது சாமி சொன்னதா ஆகாதேம்மா. சொல்லாம இருந்தாலும் என்னால முடியல. உன் மூஞ்சியப் பாத்தாச் சொல்லீருவேன்னுதான் ஊருக்கே வரல. வகுப்புல பொய்யப் பத்திப் பாடம் எடுக்கறப்பெல்லாம் என்னப் பத்தித்தான் பேசறாங்கன்னு தோணும். செஞ்சது செரியா தப்பான்னு ஒரு முடிவு தெரியாம தூக்கமே வர்றதில்ல. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. என்னத் திட்டும்மா. ரெண்டு அடிகூட அடி.

– திட்ட என்ன இருக்குது. நீயும் அப்பனப் பறிகுடுத்த புள்ளதான. என்ற அழுகை ஒரு பக்கம், அந்தப் பாரம் ஒரு பக்கம்னு பாவம் நீ ஒத்தையில சொமந்திருக்கறே. வா, கிட்ட வா. கண்ணத் தொடச்சுக்க. அம்மணி முன்னாடி ஆம்பளப் பையன் அழுகலாமா?

– அழுகட்டுங்கம்மா. நல்லதுதான். நிதீஷ், இன்னும் ஒரு பத்தி இருக்கு. அதையும் படிச்சிரு, முடிஞ்சுரும்.

– போதும் உஸ்மா. அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு, அது போதும்.

– முழுசாக் கேக்கோணும்னு அந்தப் புள்ள சொல்லுதல்ல? படி. நீ இவ்வளவு தூரம் எழுதியிருக்கறே, நானும் கேக்கறேன்.

– "கணவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா என்று தாய் அம்மனிடம் கேட்டார். கிடைத்த விடையால் முடிவெடுக்கும் சுமையிலிருந்து விடுபட்டார். கருவி நீக்கப்பட்டு வீட்டில் இருந்த மூன்று மணி நேரமும் அவர் அழவில்லை. கலக்கமின்றிக் கணவரின் அருகில் அமர்ந்திருந்தார். மகனின் பொய் அவருக்கு அமைதி அளித்தது எனக் கொள்ளலாம்."

– அழுகல. அது செரிதான்.

– ஊரே பேசுச்சும்மா. அத்தன பொம்பளைங்க மாரடிச்சுட்டு அழுகறாங்க, நீ மட்டும் அப்பா காலப் புடிச்சு உட்டுட்டு ஒக்காந்திருந்தே. அழுகறவங்களக்கூட அதட்டுனே, எதுக்கு இப்பவே ஒப்பாரி வெக்கறீங்கன்னு. உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு மாமா பயந்தே போயிட்டாரு. எனக்கு மட்டுந்தான் தெரியும், நீ நிம்மதியா இருக்கறேன்னு. உன்ற அந்த மூஞ்சிய நெனச்சுத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதுனேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாம்மா. நான் பண்ணுனதுல ஒரு நல்லது நடந்துச்சுல்ல?

– அந்த மொத வரிய இன்னொருக்கா படி.

– எதும்மா?

– நான் என்னமோ கேட்டேன்னு இருந்துச்சே.

– "கணவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா என்று தாய் அம்மனிடம் கேட்டார்."

– இதாரு சொன்னது உனக்கு?

– யாரும் சொல்லலம்மா. அதக் கேக்கத்தான கோயிலுக்கே போனோம்? வேற என்ன கேட்டிருப்பே?

– அம்மணி, இதுல ஏதாச்சும் தப்பா இருந்தா திருத்தலாமா?

– திருத்தலாங்கம்மா. கீழயே போட்டிருக்கு, பிழை இருந்தா பங்கேற்பாளர் திருத்தலாம்னு. அந்த வரிய அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதி, நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.

– அப்ப அத அடிச்சுப்போடு கண்ணு.

– அம்மா?

– அடி சாமி. நாயப்படிப்பு படிக்கறவன், தப்ப வெச்சுட்டு ஏட்டக் குடுக்கலாமா?

– அடிச்சுட்டேன். என்னம்மா எழுதறது?

– எழுது. "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இவரு பொழச்சு எந்திரிச்சுக்குவாரான்னு கேட்டேன். வெள்ள வந்துச்சு. அதனாலதான் கொழாயப் புடுங்கச் சொன்னேன்."